லூ சொன்னால் தலைகீழ்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தாலியாவை ஒரு மடிக்கணினியின் முன்னால் வாயைப் பிளந்தபடி உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அந்தப் பெண் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாளா என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். இல்லை, எழுந்துவிட்டாள். எழுந்த கையோடு தன் காதலன் ரோலண்டை ஒரு பிடி பிடிக்கவும் கிளம்பிவிட்டாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. தாலியாவின் அப்பா லூ பெட்ராகிஸ், வாரத்தில் ஐந்து நாள் மாலையில் டிவியில் தோன்றி, எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கத்துகிறவர். கத்துகிறவர் என்று மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அவர் தொழிலே அதுதான். வாங்கச் சொன்னால் வாணலியில் கரண்டியால் அடிப்பார். விற்கச் சொன்னால் ஒரு பீங்கான் தட்டை எடுத்துத் தரையில் போட்டு உடைப்பார். அவருடைய அப்பா நியூ ஜெர்சியில் நெடுஞ்சாலை ஓரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கிரேக்கர். வாணலியும் தட்டும் அந்தக் கடையிலிருந்து டிவிக்கு வந்த சீதனம்.

லூ சொல்வதற்கு நேர் எதிராகச் செய்தால் உருப்படலாம் என்று நம்புகிற கூட்டம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. 'லூ சொன்னால் தலைகீழ்' என்பது அந்தக் குழுவின் பெயர். அவர் வாணலியை அடித்தால் இவர்கள் விற்பார்கள். அவர் தட்டை உடைத்தால் இவர்கள் வாங்குவார்கள். லட்சக்கணக்கான பேர். அவர்களுக்கு ஒரு தலைவர் உண்டு. பெயர் தெரியாது, முகம் தெரியாது. 'அந்தத் தலைவனுக்குத் தைரியமிருந்தால் என் நிகழ்ச்சிக்கு போன் போட்டு என்னிடம் பேசட்டும்' என்று லூ அடிக்கடி கேமராவைப் பார்த்துச் சவால் விடுவார்.

அந்தத் தலைவர் ரோலண்ட் என்பதைத்தான் தாலியா போன வாரம் அந்த மடிக்கணினியில் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்தில் பேண்ட் வாத்தியம் சொல்லித்தருகிற ரோலண்ட். நாலு பேர் முன்னால் பேசினால் காது சிவந்துபோகிற ரோலண்ட். வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, லூவிடம் பெண் கேட்கப்போகிற ரோலண்ட்.

இதோ, அந்த வெள்ளிக்கிழமை.

மதிய இடைவேளையில் தாலியா பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். ரோலண்ட் வாத்தியங்கள் வைக்கும் அறையில் ட்யூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அந்த ட்யூபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று யோசித்தது போலிருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது தாலியா. இங்கேயே, நாங்க நாலஞ்சு வாத்தியாருங்க, சாப்பாட்டு நேரத்துல விளையாட்டா ஆரம்பிச்சோம். இவ்வளவு பேர் வந்து சேருவாங்கன்னு யாரு கண்டா?"

"சரி, அப்புறம் என்னைப் பாத்த. என் பேரு பெட்ராகிஸ்னு சொன்னேன். அப்ப?"

"ரெண்டு தடவை பேரைத் திருப்பிக் கேட்டேனே, ஞாபகமில்லையா?"

"அன்னைக்கே அதை இழுத்து மூடியிருக்கலாமில்ல?"

ரோலண்ட் ட்யூபாவைக் கீழே வைத்தான். "மூடத்தான் நினைச்சேன். ஆனா உங்கப்பாவை தினமும் பாத்துப் பாத்துப் பழகிடுச்சு. ஒருநாள் அவர் லீவுல போயி வேற யாராவது வந்து உக்காந்தா, எனக்கு சாப்பாடே இறங்காது. நிஜமாதான் சொல்றேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

தாலியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கோபமாக இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து அதை அடக்கிக்கொண்டாள்.

"இத பாரு ரோலண்ட். எங்கம்மா சமைச்சதை வயிறு நிறைய சாப்பிட்டுட்டு, எங்கப்பா எதிர்ல உக்காந்துகிட்டு, கடைசியில காப்பி குடிக்கறப்ப நான்தான் அந்த ஆளுன்னு நீ சொல்லக்கூடாது. அது அவருக்குப் பண்ற துரோகம். சாப்பாட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்."

"நிகழ்ச்சி முடியற வரைக்கும் அவரு போனை எடுக்கவே மாட்டாரே. முடிஞ்சதும் நேரா வீட்டுக்குத்தானே வருவாரு. நான் எப்படிச் சொல்றது?"

"அது உன் பாடு. சொல்லாம வந்து உக்காந்தியோ, நானே உன் தட்டை எடுத்துடுவேன்."

காதலிக்கிற பெண் இப்படிச் சொன்னால் பையன் என்ன செய்வான்? நீங்களாக இருந்தால் வாசலில் காத்திருந்து, கார் வந்து நின்றதும் காலில் விழாத குறையாகச் சொல்லிவிடுவீர்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ரோலண்ட் ஒரு 'தலைகீழ்' ஆள். அந்தக் கூட்டத்து ஆட்கள் லூவின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். லூ என்ன சவால் விட்டிருந்தார்? தைரியமிருந்தால் நிகழ்ச்சிக்கு போன் போடு என்றுதானே?

நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். போட்டுவிட்டான்.

சாயங்காலம் தாலியாவும் அவள் அம்மா டெஸ்பினாவும் சமையலறையில் இருந்தார்கள். அம்மா காகிதம் மாதிரி மெல்லிய மாவுத் தாள்களை ஒவ்வொன்றாக விரித்து வெண்ணெய் தடவ, மகள் நடுவில் கீரையையும் சீஸையும் பரப்பிக்கொண்டிருந்தாள். மேடைமேல் இருந்த சின்ன டிவியில் லூ கத்திக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மாலைச் சமையல் என்றால் பின்னணியில் லூவின் குரல் இருக்கும். டெஸ்பினா முப்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் வெங்காயம் நறுக்குகிறாள்.

தாலியாவால் அதற்கு மேல் அடக்கிவைக்க முடியவில்லை. அம்மாவிடம் விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

டெஸ்பினா வெண்ணெய்த் தூரிகையை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, இதுல சிரிக்க என்ன இருக்கு? அப்பாவை ஊரே கேலி பண்றதுக்கு இவன்தான் காரணம்."

"அந்தக் குழுவை நான் தினமும் படிக்கறேன்டி."

"நீயா?"

"பின்ன? உங்கப்பா ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பாட்டுல உப்பு இல்ல, உறைப்பு இல்லன்னு குதிச்சா, அன்னைக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" டெஸ்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. அவரு சொல்றதை வேதவாக்கா எடுத்துக்கற ஜனம்கூட பாதியில தூங்கிடும். கேலி பண்ற இந்தப் பசங்க இருக்காங்களே, ஒரு நாள் தவறமாட்டாங்க. ஒரு வார்த்தை விடமாட்டாங்க. நான்கூட அவ்வளவு கவனமா கேட்டதில்ல."

அப்போதுதான் டிவியில் நேயர் அழைப்பு ஆரம்பித்தது. அழைப்பவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அதற்கு லூ ஒரே பதிலைச் சொல்வார். பல வருஷத்து வழக்கம்.

"ஹலோ லூ, அடுப்பு சூடா இருக்கா?"

"கை வச்சுப் பாரு. யாருப்பா நீ?"

"ரோலண்ட்."

தாலியாவின் கையிலிருந்த கீரைக் கிண்ணம் மேடையில் சாய்ந்தது.

"எந்த ஊரு ரோலண்ட்? எந்தப் பங்கு?"

"நியூ ஜெர்சி. பங்கு எதுவும் இல்ல சார். தைரியமிருந்தா போன் போடுன்னு ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருக்கீங்க. 'லூ சொன்னால் தலைகீழ்' குழுவை ஆரம்பிச்சது நான்தான்."

லூவின் முகம் ஜொலித்தது. சண்டைக்கு ஆள் கிடைத்தால் அவருக்குத் தலைகால் புரியாது. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேமராவுக்குக் கிட்டே வந்தார்.

"வாடா வா. இத்தனை நாள் எந்தப் பொந்துல இருந்த? கேட்டுக்குங்க ஜனங்களே, மாட்டினான் தலைவன். சொல்லு, என்ன தைரியத்துல இன்னைக்குக் கூப்பிட்ட?"

"இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுக்கு சாப்பிட வரேன் சார். இதை மறைச்சு வச்சுகிட்டு உங்க வீட்டுல வந்து உக்கார மனசு வரல. அதான்."

"என் வீட்டுக்கா?"

"தாலியாவைக் கட்டிக்க உங்ககிட்ட கேக்கறதுக்கு."

லூ பெட்ராகிஸ் டிவியில் பேசாமல் இருந்ததை அமெரிக்கா அன்றுதான் பார்த்தது. கரண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. பின்னால் யாரோ இருமுவது கேட்டது. சமையலறையில் தாலியா டிவியைப் பார்க்க முடியாமல் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

லூ கரண்டியை வைத்தார். ஒரு தட்டை எடுத்தார். அதற்கு முன்னால் அவர் வாணலியை ஒரு முறை பார்த்ததை டெஸ்பினா மட்டும் கவனித்தாள்.

"வேண்டாம்," என்றார் லூ. "இது வேண்டாம். தொடாதே. விட்டுடு."

தட்டு தரையில் விழுந்து சுக்கல் சுக்கலானது. விளம்பரம் வந்தது. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே பற்பசையைக் காட்டினாள்.

தாலியா அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் சொந்த அப்பா வேண்டாம் என்று சொல்லித் தட்டை உடைத்தால் யாருக்குத்தான் தாங்கும்?

"நம்ம கிரேக்க நாட்டுல கல்யாணத்துலதான்டி தட்டு உடைப்பாங்க. இந்த மனுஷன்தான் அதை விக்கறதுக்குன்னு மாத்தி வச்சிருக்காரு," என்றாள் டெஸ்பினா. ஆறுதலாகத்தான் சொன்னாள். தாலியாவின் காதில் அது ஏறவில்லை.

அந்த நேரம் டெஸ்பினாவின் போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. அவள் எடுத்துப் பார்த்தாள். வெண்ணெய்க் கையாலேயே திரையை மேலே தள்ளினாள். மறுபடியும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"படிக்கறேன் கேளு. 'லூ வேண்டாம்னுட்டார். கல்யாணம் உறுதி.' அடுத்தது, 'தலைவருக்கு வாழ்த்துகள், பொண்ணோட அம்மா அப்பாவுக்கும் வாழ்த்துகள்.' இது ஒருத்தன், 'தட்டை இவ்வளவு வேகமா அவர் உடைச்சு நான் பாத்ததே இல்ல, இது நூறு வருஷம் ஓடற ஜோடி.' இந்த அம்மா ஒகையோவுலேர்ந்து, கேக் அவங்கதான் செய்வாங்களாம், வேற யாரும் செய்யக்கூடாதாம்."

தாலியா போனைப் பிடுங்கினாள். வாழ்த்து மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ மண்டபம் எங்கே என்று கேட்டிருந்தார். யாரோ பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயரே வைத்துவிட்டிருந்தார். ரோலண்டோடு வேலை பார்க்கிற ஒருவர் மட்டும், 'பையன் பேண்ட் வாத்தியார்தானே, அப்ப மேளத்துக்குச் செலவில்ல' என்று எழுதியிருந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தாலியாவுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ரோலண்டின் காரும் லூவின் காரும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் வந்து நின்றன. ரோலண்ட் கையில் பூங்கொத்தோடு இறங்கினான். காது இரண்டும் பழுத்த தக்காளி நிறத்தில் இருந்தன. லூ அவனைத் தாண்டிப் போனார். கதவருகே போனவர் திரும்பினார்.

"உள்ள வா. அவ ரெண்டு நாளா சமைச்சுகிட்டு இருக்கா."

நால்வரும் மேசையில் உட்கார்ந்தார்கள். மாவுத் தாள்கள் மொறுமொறுவென்று வெந்த கீரைப் பிட்டா ஆவி பறக்க நடுவில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அப்பா," என்றாள் தாலியா. "அந்தத் தட்டை ஏன் உடைச்சீங்க?"

"நீ இதுல தலையிடாதே கண்ணு."

"என் கல்யாணத்துல நான் தலையிடாம யாரு தலையிடுவா? இவனை உங்களுக்குப் பிடிக்கலன்னா நேராச் சொல்லுங்க. கேலி பண்ணாங்கற கோபம்னா, அதையும் சொல்லுங்க."

லூ தன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிவியில் நாம் பார்க்கும் லூ இல்லை இவர். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"போன் போட்டானே, அந்தத் தைரியத்துக்கே பையனை எனக்குப் பிடிச்சுப்போச்சு. வாணலியைத்தான் அடிக்கப் போனேன். கை கரண்டி மேலதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"பயமா இருந்துச்சு."

லூ கரண்டியை மேசைமேல் வைத்தார்.

"லட்சம் பேர் தினமும் சொல்றாங்க, இந்த ஆளு நல்லாருக்கும்னு சொன்னா விளங்காதுன்னு. முதல்ல சிரிச்சேன். அப்புறம் திட்டினேன். இப்ப, உள்ளுக்குள்ள, நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். எதையாவது பிடிச்சிருக்குன்னு சொல்லவே நாக்கு கூசுது. என் பொண்ணு கல்யாணத்தைப் பத்தி என் வாயால நல்லாருக்கும்னு சொல்லி, நாளைக்கு அது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா நான் எங்க போவேன்? அதான் உடைச்சேன். உடைச்சா நல்லா இருப்பீங்கல்ல?"

டெஸ்பினா மேசைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம தேனிலவுக்குப் போனப்ப ஒரு வாரம் மழையே வராதுன்னு சொன்ன. வாரம் பூரா கொட்டித் தீத்துச்சு. ரூமை விட்டு வெளிய போக முடியல. நான் குறை சொன்னேனா?"

"அம்மா," என்று தாலியா தலையில் கை வைத்தாள்.

ரோலண்ட் தொண்டையைச் செருமினான். "சார், ஒண்ணு சொல்லலாமா? நீங்க எப்பவும் தப்பாச் சொல்றதில்ல. நாங்க தப்பை மட்டும்தான் பெரிசாப் போடுவோம், அப்பத்தான் சிரிப்பு வரும். நான் எல்லாத்தையும் உக்காந்து பாத்திருக்கேன். பாதி சரியாத்தான் சொல்றீங்க. பாதி தப்பு. எல்லாரையும் மாதிரிதான்."

லூ நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"என்ன சொன்ன?"

"பாதி சரி சார்."

"எல்லாரையும் மாதிரியா? நானா?" லூ மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா டெஸ்பினா? முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். எல்லாரையும் மாதிரியாம். எப்பவும் தப்புன்னு நீங்க சொன்னப்பகூட ஒரு மதிப்பு இருந்துச்சேப்பா."

முதலில் சிரித்தது டெஸ்பினா. பிறகு தாலியா. ரோலண்ட் சிரிக்கலாமா கூடாதா என்று பார்த்துவிட்டு, லூவின் உதடு கோணுவதைக் கண்டதும் அவனும் சிரித்தான். லூவே ஒரு பெரிய துண்டாக வெட்டி அவன் தட்டில் வைத்தார்.

ஆனாலும் அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. தாலியா அதை மறக்கவில்லை.

"அப்பா, அப்ப என்ன சொல்றீங்க?"

லூ மெல்லத் தலையை ஆட்டினார். "பாதிங்கறது பங்குக்குப் போதும் கண்ணு. உனக்குப் போதாது. நான் வாயைத் திறக்கமாட்டேன். நீங்க பண்ணிக்குங்க. நான் குறுக்க நிக்கல."

தாலியா எழுந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்ன ஆகும்னு நான் உங்ககிட்ட கேக்கலப்பா. அதை யாராலயும் சொல்ல முடியாது. ஏறும் இறங்கும், அதை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம். நீங்க குறுக்க நிக்காம இருந்தா எனக்குப் போதாது. பக்கத்துல நிக்கணும். எங்க ரெண்டு பேரு பக்கத்துலயும். அவ்வளவுதான் கேக்கறேன்."

லூ நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். மகளின் தலையில் கையை வைத்தார், எடுக்கவும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எந்நேரமும் வாய் ஓயாத மனிதருக்கு ஒரே ஒரு சின்னச் சொல் வரமாட்டேன் என்கிறது. எனக்கே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மேசைமேல் இருந்த லூவின் போன் அடித்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் மார்னி. சத்தமாகப் பேசுகிற பெண், அவள் சொல்வது நால்வருக்கும் கேட்டது.

"லூ, எங்க இருக்க? இங்க போன் ஓயாம அடிச்சுகிட்டே இருக்கு. அந்தப் பையன் பேசினதை ஊரே பாத்துகிட்டு இருக்கு. மேலிடத்துல ஒரே முடிவா இருக்காங்க, திங்கட்கிழமை நிகழ்ச்சியில அவன் உன் பக்கத்துல உக்காரணும். உன் தட்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். முழு நேரமும். அவனை எப்படியாவது பிடி. வருவானா?"

ரோலண்டின் முள்கரண்டி வாய்க்குப் போகிற வழியில் நின்றது. கேமரா முன்னால், அதுவும் முழு நேரமும். காது மறுபடி சிவக்க ஆரம்பித்தது.

லூ அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார்.

"எனக்குத் தெரியல மார்னி," என்றார். "இரு, மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்றேன்."